சார்ட்டரா, ஏடிஆரா? 200 மணி நேர லைசன்ஸோடு முதல் வேலைக்கு எங்கே போவது

வாசகர் கேள்வி, 12 ஜூலை 2025

அண்ணா, கோவையிலிருந்து எழுதுகிறேன். சி.பி.எல். (வணிக விமானி உரிமம்) கைக்கு வந்து ஆறேழு மாதம் ஆகிறது. 200 மணி நேரம் பறந்த அனுபவம், மல்டி எஞ்சின், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இருக்கிறது. டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதி) எடுக்கவில்லை. நான் பார்த்த எல்லா வீடியோவிலும் "முதலில் சார்ட்டரில் (வாடகை விமானத்தில்) 1,500 மணி சேர், அப்புறம் ரீஜனல் ஏர்லைன் (சின்ன ஊர்களுக்குப் பறக்கும் நிறுவனம்) போ" என்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. சார்ட்டரில்தான் நிஜமாக ஓட்டலாம், ஏர்லைனில் ஆட்டோபைலட் பட்டனை அமுக்கிவிட்டு உட்கார்ந்திருப்பதுதான். மும்பையில் கிங் ஏர் என்ற சின்ன இரட்டை எஞ்சின் விமானம் வைத்திருக்கும் ஒருவர் பேச வரச் சொல்லியிருக்கிறார். ரீஜனல் ஏர்லைன்கள் ஓட்டும் ஏடிஆர் (புரொப்பெல்லர் விமானம்) வேலைக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். சார்ட்டர்தானே சரி?

12 ஜூலை 2025, இரவு

தம்பி, முதலில் அந்த 1,500-ஐ இறக்கி வை. அது அமெரிக்கக் கணக்கு.

2009 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ பக்கத்தில் கோல்கன் ஏர் நிறுவனத்தின் க்யூ400 என்ற புரொப்பெல்லர் விமானம் விழுந்தது. தரையில் இருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே சட்டத்தை மாற்றினார்கள். 2013-லிருந்து ஏர்லைனில் வலது இருக்கையில் (கோ-பைலட்டாக) உட்காரவே பொதுவாக 1,500 மணி நேரம் கேட்கிறார்கள். அதனால் அங்கே பிள்ளைகள் பயிற்றுநராக இருந்தும், சின்ன சார்ட்டரில் ஓட்டியும் அந்த எண்ணை எட்டுகிறார்கள். பெரும்பாலோருக்கு வேறு வழி இல்லை. (விழுந்த விமானத்தில் இருந்த இரண்டு விமானிகளுக்கும் 1,500-க்கு மேலேயே அனுபவம் இருந்தது. அந்த விவாதம் அங்கே இன்னும் முடியவில்லை.)

இங்கே அப்படி இல்லை. 200 மணி நேர சி.பி.எல்.லும் டைப் ரேட்டிங்கும் இருந்தால் ஏ320-லோ ஏடிஆரிலோ கோ-பைலட்டாக உட்காரலாம். விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ 1,500 கேட்பது ஏ.டி.பி.எல். என்ற மேல்நிலை உரிமத்துக்கு, அதாவது நீ கேப்டனாகப் போகும்போது. ஆகவே இந்தியாவில் சார்ட்டர் என்பது ஏர்லைனுக்கு முன்னால் ஏறியாக வேண்டிய படி இல்லை. அது தனி வேலை, தனி வாழ்க்கை. அதை வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். "எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள்" என்று நினைத்துப் போகாதே.

நான் இரண்டிலும் இருந்திருக்கிறேன். முதலில் கிங் ஏரில் கோ-பைலட், அப்புறம் ஏடிஆர். இப்போதும் ஏடிஆர்தான். மற்றதை நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

13 ஜூலை 2025

ஆட்டோபைலட் பட்டன் விஷயத்தை விட மனசு வரவில்லை.

ஏடிஆர் 72-600-ல் எஞ்சின் பவரைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோத்ராட்டிலே கிடையாது. பவரை நீதான் பார்க்க வேண்டும். பவரைக் கூட்டினால் மூக்கு ஒரு பக்கம் போகும், குறைத்தால் மறுபக்கம் போகும், அதைத் திருத்தக் கால் ரட்டர் பெடலில் வேலை செய்துகொண்டே இருக்கும். ஒரு செக்டார் (ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊர் வரை பறப்பது) முக்கால் மணியிலிருந்து ஒன்றேகால் மணி. ஒரு நாளில் நான்கு செக்டார் சாதாரணம். ஏறி மட்டமாகி, காபி குடித்து முடிப்பதற்குள் இறங்க பிரீஃபிங் ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் 17,000, 18,000 அடியில்தான் இருப்போம். ஜெட்காரர்கள் மேலே தாண்டிப் போகிற மேகத்துக்குள் நாம் நுழைந்தாக வேண்டும், அல்லது சுற்றிப் போக வேண்டும்.

இது எளிமையான விமானமும் இல்லை. 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் டிரான்ஸ் ஏஷியாவின் ஏடிஆர் ஒன்று, ஒரு எஞ்சின் போனதும் நன்றாக இருந்த இன்னொரு எஞ்சினை விமானிகளே நிறுத்திவிட்டதால் ஆற்றில் விழுந்தது. 2023 ஜனவரி 15 அன்று பொக்காராவில் எட்டி ஏர்லைன்ஸ் விமானத்தில் இறக்கைத் தட்டுகளை இறக்கும் ஃபிளாப் லீவருக்குப் பதிலாக, புரொப்பெல்லரைக் கட்டுப்படுத்தும் கண்டிஷன் லீவர்களில் கை போனது. இரண்டு புரொப்பெல்லரும் ஃபெதர் ஆகி (இதழ்கள் காற்றுக்கு நேராகத் திரும்பி) இழுவிசை போய்விட்டது. 72 பேர் இறந்தார்கள். இவற்றை ஒவ்வொரு முறை சிமுலேட்டருக்குப் போகுமுன்னும் மறுபடி படிக்கிறேன். எந்தக் கை எந்த லீவரில் இருக்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லி, எதிரில் இருப்பவர் ஆமோதித்த பிறகே அசைக்கிற பழக்கம் அப்படித்தான் வரும்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஏர்லைனில் கோ-பைலட் நினைத்தபடி இறக்க முடியாது. அதற்கு அனுமதி பெற்ற கேப்டன் பக்கத்தில் இருக்க வேண்டும். வானிலை மோசமாக இருந்தால் கேப்டன்தான் இறக்குவார். சென்னையில் வடகிழக்குப் பருவமழை நடக்கும் மாதங்களில் பறந்த நேரத்தை எழுதி வைக்கும் உன் லாக்புக்கில் மணி ஏறும், லேண்டிங் ஏறாது.

16 ஜூலை 2025

சரி, சார்ட்டர்.

நான் சேர்ந்த இடத்தின் பெயர் வேண்டாம். இரண்டு விமானங்கள், ஒரு சின்ன அலுவலகம், விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு கேப்டன். இரவு போன் வரும்: நாளைக் காலை ஆறு மணிக்குக் கிளம்பணும். அதற்குப் பிறகு கோ-பைலட்டுக்குத் தூக்கம் இல்லை. பிளைட் பிளான் போட வேண்டும். வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் எஃப்.ஐ.சி. (விமானத் தகவல் மையம்) எண்ணும் வாங்க வேண்டும். போகிற ஊர் விமான நிலையம் எத்தனை மணி வரை திறந்திருக்கும், பயணி தாமதித்தால் நீட்டிப்புக் கேட்டு யாருக்கு எழுதுவது, அங்கே எரிபொருள் உண்டா, இல்லையென்றால் திரும்புவதற்கும் இங்கேயே நிரப்ப வேண்டுமா, நிரப்பினால் அந்த ஓடுபாதையின் நீளத்துக்கு எடை பொருந்துமா, எல்லாம் உன் தலையில். காலையில் எஞ்சின் கவரையும் வேகம் அளக்கும் பிட்டாட் குழாயின் கவரையும் கழற்றுவது நீ. சாப்பாடு வந்ததா என்று பார்ப்பது நீ. பெட்டியைத் தூக்கி வைப்பதும் நீ. ஏர்லைனில் இதற்கெல்லாம் துறை துறையாக ஆட்கள் இருக்கிறார்கள், பேப்பர் உன் கைக்குத் தயாராக வரும்.

இந்த வேலை என்னை உருவாக்கியது என்று முழு மனதோடு சொல்வேன். ஒரு விமானம் கிளம்ப என்னென்ன நடக்க வேண்டும் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. இன்றைக்கும் பறப்பைத் திட்டமிடும் டிஸ்பேட்ச் பிரிவு அனுப்பும் எரிபொருள் கணக்கை அப்படியே கையெழுத்துப் போட எனக்குக் கை வராது.

பறப்பது? அந்த கேப்டன் தங்கமான மனிதர். காலியாகத் திரும்பும் செக்டார்களில் விமானத்தை என்னிடம் கொடுத்துவிடுவார். ரேடாரில் தெரிகிற மேகத்தின் நிறத்தை நம்பாதே, ஆன்டெனாவை மேலும் கீழும் சாய்த்து அதன் உயரத்தைப் பார் என்று சொல்லிக் கொடுத்தது அவர். இப்போது என்னுடன் வருகிற கோ-பைலட்டுகளுக்கு அதையே சொல்கிறேன்.

ஆனால் பறத்தல் சீராக வராது. தேர்தல் சமயத்தில் மூச்சு விட நேரம் இருக்காது. கல்யாண சீசன், கம்பெனிகளின் ஆண்டுக் கூட்டம், கோயில் திருவிழா, இவற்றை ஒட்டி வேலை வரும். அப்புறம் வாரக்கணக்கில் போன் அடிக்காது. அடிக்காத நாட்களும் விடுமுறை இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம். ஊருக்குப் போக டிக்கெட் எடுக்க முடியாது. என்னுடன் பயிற்சி முடித்து ஏர்லைனில் சேர்ந்த நண்பனின் லாக்புக் என்னுடையதைவிட வெகு வேகமாக நிரம்பியது. "நிஜமான பறத்தல்" என்று நீ சொல்வது உண்டு. அது வருகிற அளவு மிகக் குறைவு.

17 ஜூலை 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "நீங்கள் சொல்வது ஒரு வகைச் சார்ட்டர்தான்" என்று எழுதியிருக்கிறார். நியாயமான பேச்சு.

என்.எஸ்.ஓ.பி. அனுமதி (கால அட்டவணை இல்லாத விமானச் சேவைக்கான உரிமம்) வைத்திருக்கிற நிறுவனங்கள் நாட்டில் நூற்றுக்கு மேல். ஒற்றை விமானக்காரரும் உண்டு, ஜெட் கூட்டமே வைத்திருப்பவரும் உண்டு. ஏர் ஆம்புலன்ஸ் ஓட்டும் இடங்களில் பறத்தல் அதிகம், இரவு வேலையும் அதிகம். ஏ.டி.பி.எல்.லுக்கு 100 மணி நேரம் இரவுப் பறத்தல் வேண்டும் என்பதால் அது லாபம்தான், ஆனால் இரண்டு மணிக்கு எழுந்து நோயாளியை ஏற்றப் போகிற வாழ்க்கைக்கு உடம்பு பழக வேண்டும். கார்ப்பரேட் கம்பெனிகளின் சொந்த விமானம் இன்னொரு வகை: சம்பளம் ஒழுங்காக வரும், பறத்தல் குறைவு, பிரெஷர்களை எடுப்பது அரிது. மாநில அரசுகளின் விமானம் தனி. ஆகவே "சார்ட்டர்" என்று மொத்தமாகப் பேசாமல், எந்த விமானம், யாருக்காக, மாதம் எத்தனை மணி பறக்கிறது என்று கேள்.

28 ஜூலை 2025

தூத்துக்குடியில் புதிய விமான நிலைய முனையம் முந்தாநாள் திறந்தார்கள். அந்த நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் பழைய ஓடுபாதை 1,350 மீட்டர்தான். அவ்வளவு காலமும் அந்த ஊரைத் தாங்கியது புரொப்பெல்லர் விமானங்கள். இப்போது 3,115 மீட்டருக்கு நீட்டியிருக்கிறார்கள், ஏ321-உம் இறங்கலாம்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், ரீஜனல் ஏர்லைனின் தலையெழுத்து இதில் இருக்கிறது. ஊர் வளரும்வரை ஏடிஆர் போகும். ஊர் வளர்ந்து கூட்டம் வந்ததும் ஜெட் வந்துவிடும். ஏடிஆர் இன்னொரு சின்ன ஊரைத் தேடிப் போகும். உன் பேஸும் (நீ தங்கிப் பறக்கும் ஊர்) உன் ரோஸ்டரும் (பணி அட்டவணை) அதோடு சேர்ந்து நகரும். இங்கே ஏடிஆர் ஓடுவதற்குச் சில சலுகைகளும் காரணம். 80-க்குக் குறைவான இருக்கை உள்ள விமானங்களுக்கு இந்திய விமான நிலைய ஆணையத்தின் நிலையங்களில் லேண்டிங் கட்டணம் இல்லை. இண்டிகோ தன் ஏடிஆரில் 78 இருக்கை வைத்ததைப் பார். சின்ன ஊர்களை இணைக்கும் உடான் திட்டத்தில் அரசு நட்டத்தை ஈடுகட்டும் இடைவெளித் தொகை கொடுக்கிறது, ஆனால் ஒரு தடத்துக்கு மூன்று வருடம்தான். அது முடிந்ததும் எத்தனையோ தடங்கள் நின்றிருக்கின்றன.

30 ஜூலை 2025

"அப்படியானால் ரீஜனல் ஏர்லைன் மட்டும் பாதுகாப்பா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இல்லை. நம் பக்கத்தை மட்டும் பாருங்கள். மதுரைக் குழுமம் ஒன்று நடத்திய பாரமவுண்ட், எம்ப்ரேயர் விமானங்களோடு 2005-ல் தொடங்கி 2010-ல் நின்றது. விஜயவாடாவின் ஏர் கோஸ்டா 2013-லிருந்து 2017 வரை. பெங்களூரின் ஏர் பெகாசஸ் 2015-ல் வந்து அடுத்த வருடமே போனது. கோவையின் ஏர் கார்னிவல் 2016-ல் தொடங்கி 2017-ல் முடிந்தது. சேலத்துக்கு 2018-ல் விமானம் கொண்டு வந்த ட்ரூஜெட் 2022-ல் நின்றது, 2023 அக்டோபர் வரை சேலத்துக்கு விமானமே இல்லை.

கோவைக்காரனான உனக்கு ஏர் கார்னிவலை வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். ஊரிலேயே ஏர்லைன், ஊரிலேயே வேலை என்று சேர்ந்த இளைஞர்கள் இருந்தார்கள்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஏடிஆர் ரேட்டிங் இருக்கிற கோ-பைலட்டை, நிறுவனம் மூடினாலும் கேட்க ஆள் உண்டு: இண்டிகோ, அலையன்ஸ் ஏர், 2024-ல் கோவாவிலிருந்து தொடங்கிய ஃபிளை91 எல்லாரும் அதே விமானத்தைத்தான் ஓட்டுகிறார்கள். அபூர்வமான ஒரு சின்ன ஜெட்டுக்கு ரேட்டிங் எடுத்துவிட்டு, முதலாளி அந்த விமானத்தை விற்றுவிட்டால், அந்த ரேட்டிங்கை வைத்துக்கொண்டு போக நாட்டில் விரல் விட்டு எண்ணும் இடங்கள்தான். கிங் ஏர் பரவாயில்லை, நிறைய இருக்கிறது.

இன்னொரு பக்கம், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மேயில் கோ ஃபர்ஸ்ட் நின்றபோது அனுபவமுள்ள விமானிகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தார்கள். 200 மணிக்காரர்கள் வரிசையில் பின்னால் தள்ளப்பட்டார்கள். அந்த நாட்களில் சார்ட்டரில் ஒரு வலது இருக்கை கிடைத்தவன் பாக்கியசாலி.

10 ஆகஸ்ட் 2025

திருநெல்வேலியிலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகளுக்கு சி.பி.எல். முடிந்தது, சார்ட்டரில் பெண்களுக்குச் சரிவருமா என்று.

ஐயா, நம் நாட்டில் விமானிகளில் சுமார் 15 சதவீதம் பெண்கள், உலக சராசரியைவிட மிக அதிகம். பெரும்பாலோர் ஏர்லைனில் இருக்கிறார்கள். காரணம் திறமை சம்பந்தப்பட்டது இல்லை. ஏர்லைனில் வெளியூரில் தங்கினால் நிறுவனமே ஓட்டல் ஏற்பாடு செய்யும், விமானத்திலிருந்து அறைவரை வண்டி வரும், மகப்பேறு விடுப்பு எழுத்தில் இருக்கும், புகார் சொல்ல குழு இருக்கும். சின்ன சார்ட்டரில் இவையெல்லாம் முதலாளியின் குணத்தைப் பொறுத்தது. சின்ன ஊரில் பயணி "இன்றைக்கு இங்கேயே இருக்கிறேன்" என்றால், கிடைக்கிற அறையில் தங்க வேண்டும். உங்கள் மகள் நேர்காணலில் இதை வெட்கப்படாமல் கேட்கட்டும்: வெளியூரில் தங்கினால் எங்கே, யார் ஏற்பாடு, இதற்குமுன் பெண் விமானிகள் இங்கே இருந்திருக்கிறார்களா, அவர்களோடு நான் பேசலாமா. முகம் சுளிக்கிற இடம் வேண்டாம். சந்தோஷமாக எண் கொடுக்கிற இடங்களும் உண்டு.

21 ஆகஸ்ட் 2025

லட்சத்தீவின் அகத்தி பற்றி ஒருவர் கேட்டதால் சின்னதாக. சுமார் 1,200 மீட்டர் ஓடுபாதை, இரண்டு முனையிலும் கடல். கொச்சியிலிருந்து ஏடிஆரில் போகிறபோது வெறும் நீலம், நீலம், அப்புறம் ஒரு கோடு. அங்கே இறக்க கேப்டனுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். ரீஜனல் பறத்தலில் எனக்குப் பிடித்த நாள் அது. ஜெட்டில் இருக்கிற நண்பர்கள் துபாய் படம் அனுப்பும்போது நான் அகத்தி படம் அனுப்புவேன்.

14 செப்டம்பர் 2025

இன்றைக்கு எழுதுவதைத்தான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இரண்டு வருடத்துக்கு முன் இதே நாளில், விசாகப்பட்டினத்திலிருந்து வந்த ஒரு லியர்ஜெட் 45 சார்ட்டர் விமானம் மும்பையில் கனமழையில் இறங்கும்போது ஓடுபாதையை விட்டு விலகி உடைந்து தீப்பிடித்தது. பார்வைத் தூரம் 700 மீட்டர்தான் என்று அன்று சொன்னார்கள். எட்டுப் பேரும் உயிர் பிழைத்தார்கள். அந்த விமானிகளைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. அந்தச் செய்தி வந்த அன்று என் மனதில் ஓடியது என் சொந்த அனுபவம்.

குளிர்காலம். வடக்கே ஒரு சின்ன நிலையம். பயணி பெரிய ஆள், பதினோரு மணிக்கு அவருக்கு நிகழ்ச்சி. மூடுபனி விலகவில்லை. மேலே வட்டமடித்தோம். பின்னாலிருந்து உதவியாளர் வந்து, "சார் கேட்கிறார், இன்னொரு முறை இறங்கிப் பார்க்கலாமே" என்றார். கேப்டன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "முடியாதுன்னு சொல்லுங்க" என்றார். பக்கத்துப் பெரிய விமான நிலையத்துக்குப் போய் இறங்கினோம். பயணி பேசாமல் காரில் ஏறிப் போனார். அந்த மாதமே முதலாளி கேப்டனிடம் கோபமாகப் பேசினார், அந்த வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். கொஞ்ச நாளில் கேப்டனும் வேலையை விட்டார். அவருக்கு ஓய்வூதியம் இருந்தது, விட முடிந்தது. கடனோடு இருக்கிற 24 வயதுப் பையன் அந்த இருக்கையில் இருந்தால்?

ஏர்லைனில் நான் எத்தனையோ முறை விமானத்தை வேறு ஊருக்குத் திருப்பியிருக்கிறேன் (டைவர்ட் என்போம்). திருப்பினால் ஒரு அறிக்கை எழுதுவேன். எழுபது பேர் திட்டுவார்கள், அவர்களில் ஒருவர்கூட எனக்குச் சம்பளம் கொடுப்பவர் இல்லை. பயணிக்கும் விமானிக்கும் நடுவே ஒரு அலுவலகம் நிற்கிறது, நடைமுறை நூல் நிற்கிறது. கறுப்புப்பெட்டித் தரவை ஒருவர் மாதாமாதம் பார்க்கிறார். வேகமாக அப்ரோச் செய்தால் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். ஆரம்பத்தில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. இன்று அதை எந்தச் சம்பள உயர்வுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தொழிலின் முதல் இரண்டு வருடத்தில் உனக்குள் பதிகிற பழக்கம்தான் நாற்பது வருடம் நிற்கும். "முடியாது" என்று சொல்லிப் பழகுகிற இடம் வேண்டும். அப்படிச் சொல்ல விடுகிற சார்ட்டர் நிறுவனங்கள் உண்டு, நல்ல பெயரோடு நடத்துகிறவர்கள் உண்டு. கண்டுபிடிப்பதற்கு நான் வைத்திருக்கிற கேள்வி இது: அங்கே இருக்கிற கேப்டனைத் தனியாகப் பார்த்து, "கடைசியாக எப்போது டைவர்ட் செய்தீர்கள், மறுநாள் என்ன ஆச்சு?" என்று கேள். பதிலைவிட, சொல்லுமுன் அவர் யோசிக்கிற நேரத்தைக் கவனி.

15 செப்டம்பர் 2025

நேற்றைய குறிப்புக்கு ஒரு சார்ட்டர் கேப்டன் பதில் எழுதியிருக்கிறார். தன் முதலாளி தன்னை ஒருநாளும் வற்புறுத்தியதில்லை, ஏர்லைனில்தான் ஆன்-டைம் அழுத்தத்தில் விமானிகள் வதைபடுகிறார்கள் என்கிறார். அவர் முதலாளியைப் பற்றிச் சொன்னதை நம்புகிறேன். நேர அழுத்தம் எங்களுக்கும் உண்டு, அதையும் மறுக்கவில்லை. ஆனால் இறங்கிய விமானத்தை 25 நிமிடத்தில் மறுபடி கிளப்பு என்று ஒரு நிறுவனம் எல்லாரையும் விரட்டுவதும், பின் இருக்கையில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் இந்த மேகத்துக்குள் போ என்று உன்னிடம் மட்டும் கேட்பதும் ஒன்றில்லை.

19 அக்டோபர் 2025

லாக்புக் பற்றி. இது யாரும் சொல்லித் தராதது, கவனமாகப் படி.

கிங் ஏர் பி200 மாதிரி விமானங்களுக்கு ஒற்றை விமானிச் சான்றிதழ் உண்டு. சர்வதேச உரிம விதிப்படி, ஒற்றை விமானி ஓட்டலாம் என்று சான்றளிக்கப்பட்ட விமானத்தில் கோ-பைலட்டாக இருந்த நேரத்தில் பாதிக்கு மேல் மேல்நிலை உரிமத்துக்குக் கணக்கில் வராது. அந்த விமானத்தை இரண்டு பேர் ஓட்டும்படி ஏற்பாடு செய்து நாட்டின் ஆணையம் அனுமதித்தால்தான் முழுதாக வரும். ஆகவே சேருமுன், உன் வலது இருக்கை நேரம் முழுதாகக் கணக்கில் வருமா, நிறுவனத்தின் அனுமதிக்கப்பட்ட கையேட்டில் இரண்டு விமானிகள் கட்டாயம் என்று இருக்கிறதா, இரண்டையும் எழுத்தில் வாங்கு. ஏடிஆரில் இந்தப் பேச்சே இல்லை, அது பிறந்ததே இரண்டு பேருக்காக.

ஏர்லைன் நேர்காணலில் சார்ட்டர் மணிகளை எப்படிப் பார்ப்பார்கள் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். எங்கள் குழுவில் இருப்பவர்கள் மதிப்பார்கள். சில இடங்களில் 200 மணிக்காரனையும் 900 மணி கிங் ஏர்காரனையும் ஒரே வரிசையில், ஒரே டைப் ரேட்டிங் வகுப்பில் உட்கார வைக்கிறார்கள்.

6 டிசம்பர் 2025

இந்த வாரம் யாருக்கும் தூக்கம் இல்லை. நவம்பர் 1 முதல் விமானிகளின் பணி நேர விதியின் இரண்டாம் கட்டம் வந்தது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக ஜூலையிலேயே ஆகிவிட்டது. இப்போது இரவு என்பது நள்ளிரவு முதல் காலை 6 வரை, அந்த நேரத்தில் ஒரு விமானி செய்யக்கூடிய லேண்டிங் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. இதற்குப் போதுமான விமானிகளை வைத்துத் திட்டமிடாததால் இண்டிகோவில் நேற்று மட்டும் ஆயிரத்துக்கு மேல் விமானங்கள் ரத்து. டிஜிசிஏ இரவு விதிகளில் அவர்களுக்குப் பிப்ரவரி 10 வரை விலக்குக் கொடுத்துவிட்டது. கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைத்தது.

விமான நிலையத்தில் தவித்தவர்களைப் பார்க்க வருத்தமாக இருந்தது. ஆனால் இந்த ஓய்வு விதி தப்பு என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. அதிகாலை நான்கு மணிக்கு அடுத்தடுத்து இறக்கியவனுக்குத்தான் தெரியும், கண் திறந்திருக்கும், மூளை இருக்காது. இரண்டு வருடம் முன்பே அறிவித்த விதி இது.

ஜூலையில் நான் ஏர்லைன் வாழ்க்கையைக் கொஞ்சம் பளபளப்பாக எழுதிவிட்டேனோ என்று இன்றைக்கு மறுபடி படித்தேன். ஏர்லைனில் ரோஸ்டர் இருக்கிறது. அந்த ரோஸ்டர் ஒரே வாரத்தில் நான்கு முறை மாறலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மாறினாலும் ஒரு வரம்பு இருக்கிறது, அதை மீறினால் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுகிறது. சின்ன சார்ட்டரில் 14 மணி நேரம் லவுஞ்சில் உட்கார்ந்து காத்திருந்துவிட்டு இரவில் ஓட்டிக்கொண்டு திரும்பியவனைப் பற்றி எந்தச் செய்தியும் வராது. அவனுக்கும் விதி உண்டு, அந்த விதியை நினைவுபடுத்த வேண்டிய ஆள் அவன் மட்டும்தான்.

வேலை தேடுகிறவர்களுக்கு: இனி எல்லாரும் விமானிகளைக் கூடுதலாக எடுத்தே ஆக வேண்டும். விண்ணப்பங்களைப் புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். மெடிக்கல் (உடல்தகுதிச் சான்றிதழ்) காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

11 ஜனவரி 2026

கோவைத் தம்பி திரும்பி வந்திருக்கிறான். மும்பை கிங் ஏர்காரர் வேலைக் கடிதம் கொடுத்துவிட்டார். ஏடிஆர் தேர்வு எழுதிவிட்டான், முடிவு வரவில்லை. வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது, தவணை தொடங்கிவிட்டது. கடிதத்துக்குப் பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும்.

தம்பி, இரண்டும் கையில் இருந்தால் ஏடிஆர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். உன் கையில் ஒன்றுதான் இருக்கிறது. 200 மணியோடு வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிடப் பறப்பது மேல். ஒரு வருடம் பறக்காதவனின் கை எப்படியிருக்கும் என்பதை நேர்காணல் சிமுலேட்டரில் முதல் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அங்கே இருக்கிற கேப்டனோடு பேசினேன் என்றாய், போன மாதம்தான் நாக்பூருக்கு டைவர்ட் செய்ததாகவும், முதலாளி ஓட்டல் செலவை மட்டும் கேட்டதாகவும் யோசிக்காமல் சொன்னார் என்றாய். எனக்கு அது போதும். சேர்.

ஆனால் ஏடிஆர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறாதே. அழைப்பு வந்தால் போவேன் என்று கிங் ஏர்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. கேட்டு வருத்தப்பட்டாலும் பின்னால் உன்னைப் பற்றித் தப்பாகப் பேச மாட்டார், இந்தத் தொழிலில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

12 ஜனவரி 2026

பாண்ட் (இத்தனை காலம் வேலையை விட மாட்டேன், விட்டால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம்) பற்றி நேற்று எழுத விட்டுப்போனது. டைப் ரேட்டிங் செலவை கிங் ஏர்காரர் ஏற்கிறார் என்றால் ஒரு வருட பாண்ட் நியாயம், மாதாமாதம் தொகை குறைந்துகொண்டே வர வேண்டும். மூன்று வருடம், தொகை குறையாது என்றால் கையெழுத்துப் போடாதே. உன் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழை அசலாக வாங்கி வைத்துக்கொள்ளக் கேட்டால் நகல் கொடு. தேதி போடாத காசோலை கேட்டால், அது எந்தத் தொகைக்கு, எதற்காக என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல். எழுத மாட்டேன் என்றால் அப்பாவை அழைத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு அப்புறம் மும்பைக்கு டிக்கெட் எடு.